உள்ளங்கை அளவு ஒட்டு

அன்று காலை என் வலது தோள்பட்டை என்னோடு எழுந்திருக்க மறுத்துவிட்டது. உடம்பில் மற்றதெல்லாம் எழுந்து, பல் துலக்கி, அடுப்பில் தண்ணீரும் வைத்தாயிற்று. அந்தக் கை மட்டும் பிழியாத துணி மாதிரி பக்கத்தில் தொங்கிக்கொண்டு வந்தது. சும்மா வந்த வலி இல்லை. பதினோரு நாள் உப்புத்தாள் பிடித்துத் தேய்த்த கை. மூன்று இறக்கைகள், ஒவ்வொன்றும் என் தோளிலிருந்து விரல் நுனி வரை நீளம், முதுகும் வயிறுமாக இரண்டு பக்கம், பக்கத்துக்கு நான்கு தரம் தாள். அதற்கு இந்த வலி குறைவு என்றே சொல்ல வேண்டும்.

"தைலம் தேச்சு விடட்டுமா?" என்றார் வீட்டுக்காரர். பஸ் டிப்போவில் மெக்கானிக். அவர் கையில் இருப்பது தைலமா கிரீஸா என்று மோந்து பார்த்துவிட்டுத்தான் தோளைக் கொடுக்க வேண்டும்.

"மொதல்ல கையக் கழுவிட்டு வாங்க."

"கழுவின கைதான் இது."

"அப்ப கழுவாத கை எப்படி இருக்கும்?"

"அதைத்தானே நீ கட்டிக்கிட்ட" என்று சொல்லிக்கொண்டே தேய்த்துவிட்டார். பஸ் சக்கரத்தில் இறுகிப்போன நட்டைக் கழற்றுவது மாதிரிதான் தேய்ப்பார். கத்தினேன். சத்தம் கேட்டு உள் அறையிலிருந்து என் நாத்தனார் தலையை நீட்டினாள்.

"அண்ணி, இன்னிக்குத் தண்ணில இறங்குது. ஞாபகம் இருக்கா? சீக்கிரம்!"

நாத்தனாருக்கு வீட்டில் வைத்த பேர் பொடிசு. முப்பத்திநாலு வயசு, பேருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளும் படிப்பு. நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில், அலமாரியின் மேல் தட்டு எட்டவில்லை என்று என்னைக் கூப்பிட்டாள். இன்றைக்கும் எட்டவில்லை. இன்றைக்கும் என்னைத்தான் கூப்பிடுகிறாள்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆய்வுக்கூடத்தில்தான் வேலை பார்க்கிறோம். அவள் மேல் மாடி, நான் பின்கட்டு. அவள் கம்ப்யூட்டருக்குள் ஒரு கடல் வைத்திருக்கிறாள். அதில் நீரோட்டம் உண்டு, அந்த நீரோட்டத்தில் சுற்றும் டர்பைன் உண்டு, எல்லாம் எண்ணாலேயே செய்தது. அந்த டர்பைனின் இறக்கைகளை நிஜத்தில் செய்கிறவள் நான். ஃபைபர் துணி, பிசின், அச்சு, ரோலர், அப்புறம் இந்தத் தோள்பட்டை. காற்றாலை காற்றில் சுற்றிக் கரண்ட் எடுக்கிற மாதிரி, இது கடலுக்கடியில் ஓடுகிற தண்ணீரில் சுற்றி எடுக்கும். ஆனால் தண்ணீர் காற்று இல்லை. எண்ணூறு மடங்கு கனம். இதற்கு முன் கடலில் இறக்கிய இறக்கைகள் இரும்பு மாதிரி விறைப்பாக இருந்தன. வேகமான ஓட்டம் ஒன்று வந்ததும் அடியோடு முறிந்து கரைக்கு வந்துவிட்டன. பணம் போடுகிற கம்பெனி அதற்கப்புறம்தான், கொஞ்சம் வளைந்து கொடுக்கிற இறக்கை வேண்டும் என்றது. எவ்வளவு வளைய வேண்டும், எப்போது வளைய வேண்டும், வளைந்தால் தண்டின் மேல் எவ்வளவு தள்ளு விழும் என்பதையெல்லாம் பொடிசு மூன்று வருஷமாகக் கணக்கிட்டு ஒரு ப்ரோக்ராம் எழுதியிருந்தாள்.

அந்த ப்ரோக்ராம் சொல்வதும் தண்ணீர் சொல்வதும் ஒன்றுதானா என்று பார்க்கத்தான் அந்த வாரம். ஆய்வுக்கூடத்தின் கால்வாய் எங்களுக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை. வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரர்கள் வருவார்கள். ப்ரோக்ராம் போடும் கோடும் தண்ணீர் போடும் கோடும் ஒத்துப்போனால் பெரிய இறக்கை செய்யச் சொல்வார்கள். ஒத்துப்போகாவிட்டால் கையை விரித்துவிட்டுப் போய்விடுவார்கள், பொடிசின் மூன்று வருஷமும் கூடவே போகும்.

வெள்ளிக்கிழமை எனக்கும் ஒரு காரியம் இருந்தது. நான் ஆறு வருஷமாகத் தற்காலிகம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஒரு காகிதம் கொடுப்பார்கள், அது தீரும்போது இன்னொன்று. இந்த முறை ஆய்வுக்கூடத்துக்குத் தலைவரான பெரிய சார், என்னை நிரந்தரமாக எடுக்கும் கடிதத்தை அடித்து மேஜை இழுப்பறையில் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை கையெழுத்து. இழுப்பறையைத் திறந்து என்னிடம் காட்டக்கூடச் செய்தார். "பாத்துக்கங்க அண்ணி, இருக்கு." அவர் என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். பொடிசு அண்ணி அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அந்தக் கட்டடத்தில் கேட் வாட்ச்மேன் வரைக்கும் நான் அண்ணி ஆகிவிட்டேன்.

கால்வாய் இருபது மீட்டர் நீளம். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. ஒரு முனையில் பம்பு தள்ளும் தண்ணீர் மறுமுனையில் போய்க் கீழ்க்குழாய் வழியாகத் திரும்பி வரும். அதைப் பார்த்துக்கொள்கிறவரை வாத்து என்று கூப்பிடுவோம். அவரே வைத்துக்கொண்ட பேர். இடுப்புக்கு மேல் வரை ரப்பர் உடை மாட்டிக்கொண்டு நடந்து வரும்போது வேறு பேர் யாருக்கும் தோன்றாது.

திங்கள் காலை மூன்று இறக்கையையும் சுழலும் தண்டின் முனையில் இருக்கும் குடத்தில் பூட்டினேன். கேமராவில் வளைவு தெரிய வேண்டும் என்பதற்காக இறக்கையில் வெள்ளைப் பொட்டு வைக்க வேண்டும். பொடிசின் நகப்பூச்சைத்தான் எடுத்து வைத்தேன், முதல் இறக்கையில் மட்டும். மூன்றும் ஒரே அச்சில் எடுத்தவை, மூன்றும் ஒன்றுதானே என்று ஒன்றோடு நிறுத்திக்கொண்டோம்.

"தண்ணி வருது, தள்ளி நில்லுங்க!" என்றார் வாத்து. தள்ளி நிற்க ஒன்றுமில்லை, தண்ணீர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான். ஆனாலும் அவர் ஒவ்வொரு முறையும் சொல்வார், நாங்கள் ஒவ்வொரு முறையும் ஒரு அடி பின்னால் வைப்போம்.

சுற்றியது. ஆளை மயக்குகிற மாதிரி சுற்றியது. ஓட்டம் கூடக் கூட, இறக்கைகள் நுனியில் லேசாகப் பின்னால் சாய்ந்தன. நான் என் கையால் செய்த சாமான் தண்ணீரில் மூச்சு விடுவதைப் பார்க்கிறபோது தோள்வலி போன இடம் தெரியவில்லை. பொடிசு குதித்தாள். அவள் குதித்தால்தான் என் உயரம் வருவாள்.

அப்புறம் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். குதிப்பது நின்றது.

தண்டின் மேல் விழும் தள்ளைக் காட்டும் கோடு அமைதியாக நேராக ஓட வேண்டும். ஓடியது. ஆனால் சுற்றுக்கு ஒரு தடவை ஒரு துள்ளல். ஓடும், துள்ளும். ஓடும், துள்ளும்.

"விக்கல் எடுக்குதே" என்றார் வாத்து, பின்னால் நின்று எட்டிப் பார்த்து. "யாரோ நெனைக்கிறாங்க போல."

"என் ப்ரோக்ராம்ல விக்கல் இல்லண்ணே."

"அதுக்குத் தண்ணி குடிக்கத் தெரியாதும்மா. அதான்."

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் பொடிசு தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கரண்டி மூன்றை விசிறி மாதிரி வைத்தாள்.

"சுத்துக்கு ஒரு தடவைன்னா ரெண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒண்ணு, தண்டு கோணலா நிக்குது. இன்னொண்ணு, மூணு றெக்கைல ஒண்ணு மத்த ரெண்டு மாதிரி வளையல." ஒரு கரண்டியைத் தூக்கிப் பார்த்தாள். "ஆனா றெக்கை அண்ணி செஞ்சது. அதனால அது இல்ல." கரண்டியைத் திரும்ப வைத்துவிட்டாள்.

"சாப்பிடற கரண்டிய வெச்சு வெளையாடாத" என்றார் என் வீட்டுக்காரர். "ஒரே வீட்ல ரெண்டு பேர் தண்ணிக்குள்ள வேலை பாத்தா எனக்கு ஒரு வேளை சாப்பாடு ஒழுங்காக் கெடைக்காதா?"

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன். எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

இரண்டாவது இறக்கை. அடிப்பக்கம், குடத்தில் பூட்டுகிற இடத்துக்கு நாலு விரல் மேலே, துணி ஒரு மடிப்பு விழுந்துவிட்டது. கட்டைவிரல் நீளம். விதி என்ன? மடிப்பு விழுந்தால் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பி. பின்கட்டுச் சுவரில் அதை எழுதி ஒட்டியிருக்கிறது, என் கையெழுத்திலேயே. ஆனால் பிசின் இறுக ஆரம்பித்திருந்தது, தோள் எரிந்துகொண்டிருந்தது, அன்றைக்கு அது ஒன்பதாவது அடுக்கு. கத்தரியை எடுத்தேன். உள்ளங்கை அளவுக்கு இரண்டு துண்டு வெட்டினேன், மடிப்பு மேல் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து ரோலரை ஓட்டிவிட்டேன். அவ்வளவுதான். ஒரு நிமிஷ வேலை. மறந்தும் போய்விட்டேன்.

ஏமாற்ற நினைத்துச் செய்யவில்லை. நான் வளர்ந்தது படகு பழுது பார்க்கும் பட்டறையில். அப்பா படகைக் கரைக்கு இழுக்கிற ஆள், அம்மா அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுகிறவள், நான் எட்டு வயசிலிருந்து ஒட்டுப் போடுகிறவள். அங்கே ஒட்டு கூடினால் யாரும் கேட்க மாட்டார்கள். குறைந்தால்தான் ஆள் திரும்பி வர மாட்டான். ஒரு இடத்தைப் பார்த்துச் சந்தேகம் வந்தால் மூளையைக் கேட்காமல் கை இன்னொரு துண்டை வெட்டிவிடும். நாற்பத்தாறு வயசிலும் அந்தக் கைதான் என்னிடம் இருக்கிறது. அந்தக் கைக்கு வளைகிற இறக்கை என்றால் என்ன என்று இன்னும் முழுசாகப் புரியவில்லை. வளைய வேண்டிய இடத்தில் உறுதி சேர்ப்பதும் தப்புதான் என்பதை அது ஒத்துக்கொள்ளவில்லை.

எடை போட்டபோது அந்த இறக்கை மற்றதைவிட ஒன்பது கிராம் கூட இருந்தது. பத்து கிராம் வரை பரவாயில்லை என்று விதி. பதிவேட்டில் எழுதி, சரி என்று அடையாளமும் போட்டாயிற்று.

"என்ன அண்ணி, சாப்பிடல?" என்றாள் பொடிசு.

"தோள் வலிக்குது."

பொய் இல்லை. ஆனால் அது பதிலும் இல்லை.

இழுப்பறையில் இருந்த கடிதம்தான் வாயை அடைத்தது. ஆறு வருஷம். வெள்ளிக்கிழமை வரை வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஒருவேளை தண்டே கோணலாக இருக்கலாம், என் ஒட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம் என்று மனசுக்குள் ஒரு வக்கீல் எழுந்து நின்று வாதாட ஆரம்பித்தான். நல்ல வக்கீல். அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டேன்.

செவ்வாயும் புதனும் வாத்து தண்ணீரில் இருந்தார். தண்டு கோணல் என்று முடிவு செய்தாயிற்று, அதை நிமிர்த்த வேண்டியவர் அவர்தான். தண்ணீரைப் பாதி வடித்து, மார்பளவு தண்ணீரில் நின்று, ரசமட்டம் வைத்துப் பார்த்து, பேரிங்கைக் கழற்றி மாட்டி, தண்ணீர் நிரப்பி ஓட்டிப் பார்த்தால் விக்கல் அப்படியே இருந்தது. மறுபடி வடித்தார். மறுபடி கழற்றினார். அவருக்கு முழங்கால் இரண்டும் ஏற்கெனவே சரியில்லை. நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். செவ்வாய் இரண்டு தடவை. புதன் ஐந்து தடவை.

"என்ன அண்ணி, இவ்ளோ டீ?" என்றார். "எனக்கு உள்ளயும் தண்ணி வெளியயும் தண்ணி. நான் எங்கதான் போறது?"

"குளிருமேன்னு."

"இந்த அண்ணிக்கு என் மேல திடீர்னு என்ன பாசம்னு தெரியலயே. பொண்ணு எதுவும் பாத்து வெச்சிருக்கீங்களா? எனக்கு ஏற்கெனவே ஒண்ணு இருக்கு, அதையே சமாளிக்க முடியல."

சிரித்தேன். சிரித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் சுவரில் என் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மடிப்பு விழுந்தால் கிழித்துப் போடவும். 'கிழித்து' என்பதன் கீழே நானே இரண்டு கோடு போட்டிருந்தேன்.

வியாழக்கிழமை பகல் சாப்பாட்டு நேரம். பொடிசு இறங்கி வரவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு மேலே போனேன். அறையில் அவள் மட்டும்தான். தலைமுடி நாலு பக்கமும் நிற்க, திரையில் இரண்டு கோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்று தண்ணீர் சொன்னது, இன்னொன்று அவள் ப்ரோக்ராம் சொன்னது.

"அண்ணி, கண்டுபிடிச்சுட்டேன்" என்றாள். சொன்ன விதத்தில் சந்தோஷம் இல்லை.

"என்னத்த?"

"தண்டு நேராத்தான் இருக்கு. வாத்து அண்ணன் ரெண்டு தடவ பாத்துட்டாரு. றெக்கை நீங்க செஞ்சது. அப்ப மிச்சம் இருக்கறது நான்தான். என் ப்ரோக்ராம்தான் தப்பு. ஒரு எடத்துல ஒண்ணு புள்ளி ஒண்ணு நாலுன்னு ஒரு எண்ணை நுழைச்சா ரெண்டு கோடும் கிட்டக் கிட்ட வருது. ஏன்னு கேட்டா எங்கிட்ட பதில் இல்ல. நாளைக்கு அவங்க முன்னாடி நின்னு, கணக்கு சரியா வரல, திருத்தம் போட்டிருக்கேன்னு சொல்லப் போறேன். அவ்ளோதான். மூணு வருஷம்." டப்பாவைத் திறந்தாள். "முட்டை வெச்சிருக்கீங்களா?"

முட்டை இருந்தது. அவள் அதை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். மூன்று வருஷத்தைக் குப்பையில் போடப் போகிறவள் முட்டை ஓட்டை ஒரு துணுக்கு கீழே விழாமல் மூடியில் சேர்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வக்கீலும் பேசவில்லை.

"பொடிசு, அந்த எண்ணை அழி."

"எதுக்கு?"

"ரெண்டாவது றெக்கைல ஒட்டுப் போட்டேன். துணி மடிஞ்சிருச்சு. கிழிக்காம மேல ரெண்டு துண்டு வெச்சு ஒட்டிட்டேன். திங்கக்கெழமையே எனக்குத் தெரியும்."

முட்டை அவள் வாய்க்குப் பக்கத்தில் நின்றது.

"திங்கக்கெழமையேவா?"

"நீ கரண்டிய வெச்சுக் காட்டினியே, அப்ப."

"மூணு நாள், அண்ணி!" எழுந்துவிட்டாள். "மூணு நாளா என் மூளையக் கழட்டிக் கழட்டித் தொடைச்சுக்கிட்டு இருக்கேன்! தலைகீழா நின்னு எல்லாத்தையும் பாத்தேன்! நீங்க பக்கத்துல உக்காந்து எனக்கு இன்னும் கொஞ்சம் போடட்டுமான்னு கேக்கறீங்க!"

"திட்டு."

"திட்டத்தான் போறேன்! இருங்க!" மூச்சு வாங்கினாள். திட்டத் தேடினாள். அந்தப் பெண்ணுக்குத் திட்ட வராது, சின்ன வயசிலிருந்தே. முகம் சிவந்து, வாய் திறந்து, மூடி, பிறகு கண் மெல்லத் திரைப் பக்கம் போனது. எனக்கு அந்தப் பார்வை தெரியும். கோபம் ஒரு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்து, கணக்கு எழுந்து வந்துவிட்டது.

"எவ்ளோ பெருசு?"

"உள்ளங்கை அளவு."

"யார் உள்ளங்கை?"

"என்னுதுதான்."

"நீட்டுங்க."

ஒரு காகிதத்தில் என் கையை வைத்து அழுத்தி, பென்சிலால் சுற்றி வரைந்தாள். கூசியது. ஸ்கேல் வைத்து அளந்தாள். "எத்தனை அடுக்கு?" "ரெண்டு." "துணி எந்தச் சாய்வு?" "நேரா. சாய்வெல்லாம் பாக்கல." "அடிலேர்ந்து எவ்ளோ தூரம்?" "நாலு விரல்." "விரலையும் நீட்டுங்க." விரலையும் அளந்தாள். ஆறு வருஷம் அந்தக் கட்டடத்தில் எவ்வளவோ கருவிகளைப் பார்த்திருக்கிறேன். என் கையே கருவியானது அன்றைக்குத்தான்.

திருத்த எண்ணை அழித்தாள். அவளுடைய கம்ப்யூட்டர்க் கடலில், இரண்டாவது இறக்கையின் மேல், என் உள்ளங்கையை ஒட்டினாள். ஓட விட்டாள். நாற்பது நிமிஷம் ஆகும் என்றது. மிச்ச முட்டையைப் பாதி பாதியாகச் சாப்பிட்டோம்.

நாற்பது நிமிஷம் கழித்து ப்ரோக்ராமின் கோடும் விக்கல் எடுத்தது. தண்ணீரின் விக்கல் எங்கேயோ, இதுவும் அங்கேயே. ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தாள். இரண்டு கோடு ஒரு கோடானது.

பொடிசு நாற்காலியில் ஏறி நின்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "என் ப்ரோக்ராம் தப்பே இல்ல! நீங்கதான் தப்பு!"

"ஆமா, நான்தான் தப்பு" என்றேன். ஒரு தப்பை ஒத்துக்கொண்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

"இருங்க, இது போதாது. விடையத் தெரிஞ்சுக்கிட்டுக் கணக்குப் போட்டோம்னு சொல்வாங்க." கீழே ஓடினாள். நானும் ஓடினேன்.

வாத்து மூன்றாவது முறையாகத் தண்ணீர் வடிக்கக் குழாயில் கை வைத்திருந்தார். நான் அவர் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அவர் ரப்பர் உடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒம்பது கிராமா?" என்றார்.

"ஒம்பது கிராம்."

"ஒம்பது கிராமுக்கா நான் ரெண்டு நாள் ஊறுனேன்? ஊறுகாய் கூட இவ்ளோ ஊறாது! என் பொண்டாட்டி என்னைப் பக்கத்துலயே சேக்கல, பாசி நாத்தம்னு. அந்த டீ எல்லாம் அதுக்குத்தானா?"

"மன்னிச்சுக்கங்க அண்ணே."

"மன்னிப்பெல்லாம் எனக்கு வேணாம். அதை நான் எங்க மாட்டி வெக்கிறது? ரெண்டு நாளைக் குடு." கோபத்தில் அவர் வாயில் அண்ணியும் போய் மரியாதையும் போய்விட்டது. "இந்தக் கால்வாய் உள்சுவர் முழுக்கப் பாசி. தேய்க்க ரெண்டு நாள் ஆகும். இந்த டிரஸ்ஸ மாட்டிக்கிட்டு நீ எறங்கு. நான் மேல நின்னு டீ குடிக்கிறேன்."

"எறங்குறேன்."

"பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன்."

அவர் கடைசியாக ஒரு தடவை தண்ணீரை வடித்துவிட, பொடிசு இரண்டாவது இறக்கைக்கும் நகப்பூச்சில் பொட்டு வைத்தாள். பிறகு ஒரு காகிதத் துண்டில் ஏதோ எழுதி, நாலாக மடித்து, வாத்திடம் கொடுத்தாள். "இதுல ஒரு எண் இருக்கு. முழு வேகத்துல ரெண்டாவது றெக்கை நுனி எத்தனை மில்லிமீட்டர் வளையும்னு என் கணக்கு. இதுவரைக்கும் யாரும் அளக்கல. அளந்ததுக்கு அப்புறம் பிரிங்க."

வாத்து உடம்பில் ஈரமில்லாத இடத்தைத் தேடினார். தொப்பிக்குள்தான் இருந்தது. அங்கே வைத்துக்கொண்டார். "தண்ணி வருது, தள்ளி நில்லுங்க!" ஒரு அடி பின்னால் வைத்தோம்.

முதல் இறக்கை முப்பத்தெட்டு மில்லிமீட்டர் வளைந்தது, திங்கள்கிழமை வளைந்த மாதிரியே. இரண்டாவதைக் கேமராவில் பிடித்து, படத்தை நிறுத்தி, பொட்டுக்குப் பொட்டு அளந்தாள். முப்பத்தொன்று.

வாத்து தொப்பியைக் கழற்றினார். காகிதத்தைப் பிரித்தார். தூரமாக நீட்டி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். எங்களை வேண்டுமென்றே காக்க வைத்தார். அந்த இரண்டு நாளுக்குக் கொஞ்சம் வட்டி எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

"முப்பத்தொண்ணு" என்றார். பிறகு பொடிசின் தலையில் அந்த ஈரத் தொப்பியை மாட்டிவிட்டார்.

பெரிய சாரிடம் நானே போனேன். பொடிசு கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். அவர் கேட்டு முடித்துவிட்டு இழுப்பறையைத் திறந்தார். கடிதத்தை எடுத்துப் பார்த்தார். திரும்ப உள்ளே வைத்து மூடினார்.

"நாளைக்கு இதுல கையெழுத்துப் போட மாட்டேன், அண்ணி."

"தெரியும் சார்."

"ஒட்டுப் போட்டதுக்காக இல்ல. மூணு நாள் சொல்லாம இருந்ததுக்கு. ரெண்டாவது றெக்கையப் புதுசாச் செய்யுங்க. ஒட்டில்லாம, மடிப்பில்லாம. ஒரு கிராம் வித்தியாசம்தான் விடுவேன். அப்புறம் பேசலாம்."

நியாயம்தான். படகுப் பட்டறையில் என்றால் செருப்பு பறந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை கம்பெனியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பேசியது ஒரு அம்மா மட்டும்தான். திரையில் கோட்டைப் பார்த்தார், விக்கலைப் பார்த்தார், காகிதத்தில் வரைந்திருந்த என் கையைப் பார்த்தார்.

"இந்த ஒட்டு நீங்க சோதனைக்காகவே வெச்சதா?" என்று கேட்டார்.

பெரிய சார் தொண்டையைச் செருமினார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியாது. நான் முந்திக்கொண்டேன்.

"இல்லம்மா. தப்பாப் போட்டது. நான்தான் போட்டேன்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. பொடிசு பக்கம் திரும்பினார். "அப்ப, கடலுக்கடியில ஒரு இறக்கை கெட்டுப்போனா, நாங்க ஆளை இறக்காமலே, தண்டு துள்றதை வெச்சு உங்க ப்ரோக்ராம் சொல்லிடுமா?"

பொடிசு அப்படி ஒரு கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "கெட்டிருக்குன்னு சொல்லும். ஏறக்குறைய எவ்ளோன்னும் சொல்லும். எங்கன்னு சொல்ல இன்னும் கொஞ்சம் வேலை பாக்கணும்" என்றாள். அடுத்து, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "ஒவ்வொருத்தர் உள்ளங்கையும் ஒவ்வொரு அளவு" என்றாள். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். பெரிய இறக்கை செய்யச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் புது இறக்கையைச் செய்தேன். நாலாவது அடுக்கில் மடிப்பு விழுந்தது. கை கத்தரிக்குப் போனது. இந்தக் கையை இடது கையால் பிடித்து வைத்துக்கொண்டு, நல்ல துணியைப் பரபரவென்று கிழித்துப் போட்டேன். கிழிக்கும்போது என் அம்மா எங்கேயோ இருந்து திட்டுகிற மாதிரி இருந்தது. முதலிலிருந்து ஆரம்பித்தேன். எடை போட்டபோது வித்தியாசம் அரை கிராம். ஓட்டிப் பார்க்கக் கால்வாய் இல்லாததால், மேஜையில் பூட்டி நுனியில் எடை தொங்க விட்டு, மூன்றும் ஒரே அளவு வளைகிறதா என்று பெரிய சார் தானே குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். இழுப்பறையைத் திறந்தார்.

கடிதத்தை வீட்டுக்காரர் இரண்டு தடவை படித்தார். ஓரத்தில் அவர் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்துவிட்டது.

"கையக் கழுவிட்டுத் தொட்டிருக்கலாமில்ல?"

"கழுவின கைதான் இது."

பொடிசு அதை அலமாரியின் மேல் தட்டில் பத்திரமாக வைக்கப் போனாள். எட்டவில்லை. வாங்கி நான் வைத்தேன்.

கால்வாய் இந்த மாசக் கடைசி வரை ஒரு கப்பல் கட்டும் கம்பெனியிடம் இருக்கிறது. அவர்கள் பொம்மைக் கப்பலை இழுத்துப் பார்க்கிறார்கள். அதனால் தண்ணீரை வடிக்க முடியாது. வாத்து என்னைப் பார்க்கிற போதெல்லாம் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுகிறார். நேற்று என் அளவுக்கு ஒரு ரப்பர் உடையும், நீளக் கைப்பிடி போட்ட புது பிரஷ் ஒன்றும் வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டார்.

வாத்து அண்ணனுக்கு நான் இரண்டு நாள் பாசி தேய்க்கும் வேலை பாக்கி.